நவமணியின் நிழலில் ஒதுங்காதவள்

கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவே, மரம் என்று சொல்ல வேலிக்கருவேலத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் ஊரில் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த எஸ்தர் நவமணியின் நிழல் ஒரு சித்திரை மாதம் வளரத் தொடங்கியபோது அதை முதலில் கண்டவள், அவளை இந்த உலகத்திலேயே அதிகமாகக் கவனித்துக்கொண்டிருந்த, அதே நிலையத்து ஆராய்ச்சிக்காரி செண்பகவல்லிதான்.

இருவரும் உச்சிவெயிலில் கேண்டீனுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எல்லாருடைய நிழலும் காலடியில் நாய்க்குட்டி மாதிரி சுருண்டு கிடக்கும். செண்பகத்தின் நிழலும் அப்படித்தான் கிடந்தது. நவமணியின் நிழல் மட்டும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. அந்த ஒரு சாணில் வெயிலுக்குத் தப்பிய தவிட்டுக்குருவி ஒன்று வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கூடவே தத்தித் தத்தி வந்தது. செண்பகம் பார்த்தாள். அவளுக்கு என்ன வந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரிந்து தொலைகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் நிலையத்து நூலகர் சுடலைமுத்து. அன்று காலையில்தான் ஜப்பான்காரர் ஒருவர் தன் கட்டுரையில் நவமணியின் கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தார். ஆராய்ச்சிக்காரர்கள் உலகத்தில் அதுதான் நடைமுறை; ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவர் எடுத்தாளும்போது, இன்னார் சொன்னது என்று கட்டுரையின் கடைசியில் பேர் போட்டுவிட வேண்டும். எத்தனை பேர் உன் பேரைப் போட்டார்கள் என்பதுதான் அங்கே பெருமை, பதவி எல்லாமே. அடுத்த வாரம் பிரேசிலிலிருந்து ஒருவர் நவமணியின் பேரைப் போட்டார், நிழல் இன்னொரு சாண் வளர்ந்தது. அதற்கடுத்து ஒரு கென்யாக்காரி, இன்னொரு சாண். சுடலைமுத்து தலையை ஆட்டி, "ஆளுக்கு ஒரு சாண் கணக்கு வருது," என்றார், ரேஷன் கடையில் சீனி அளப்பதைப் பற்றிப் பேசுகிற குரலில்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இப்படி. முதலில் பதநீர் விற்கும் பேச்சியம்மாள், நவமணி நிலையத்து வாசலில் ஒரு நிமிடம் நின்றால் கலயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிழலில் வைத்தாள். பிறகு, கூரை இல்லாத பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தவர்கள், "டாக்டரம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நின்னீகன்னா புண்ணியமாப் போகும்," என்றார்கள். அவளும் தள்ளி நின்றாள். நிழல் கொண்டை வைத்த ஒரு பெண்ணின் உருவமாகவே விரிந்ததால், கொண்டைக்குள் ஆடுகள் படுத்தன, தோளில் தையல் மிஷின் ஒன்று வந்து உட்கார்ந்தது, இடுப்புப் பக்கம் சைக்கிள்கள் நின்றன. முந்தானை விழும் இடம் காற்றில் அசைந்துகொண்டே இருந்ததால் அங்கே பிள்ளைத் தொட்டில்களைக் கட்டினார்கள். நவமணி கொசு கடிக்கிறதென்று கையைத் தூக்கினால் போதும், "ஏ, கை போகுது, கை போகுது" என்று நாலு பேர் வெயிலில் கூச்சல் போடுவார்கள். அந்த ஊரில் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள்கூட டாக்டரம்மா அன்றைக்கு ஊரில் இருக்கிறாளா என்று கேட்டுவிட்டுத்தான் பார்த்தார்கள். இது எப்படி நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்னும் வளருமா என்று மட்டும் கேட்டார்கள்.

செண்பகவல்லிக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலுக்கு ஒரு கதை உண்டு. இருவரும் படிக்கும் காலத்தில் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். ஒரே பேராசிரியரிடம் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்கள். அவர் இரண்டு பயிர்களைச் சொன்னார். ஒன்று நெல், மற்றது குதிரைவாலி. மழை இல்லாதபோது இந்தப் பயிர்களின் மரபணுக்களில் எது விழித்துக்கொண்டு செடியைக் காப்பாற்றுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். "யாருக்கு எது வேணும்?" என்று அவர் கேட்டபோது முதலில் வாயைத் திறந்தவள் செண்பகம். நெல் என்றாள். உலகமே தின்பது நெல்தானே. நவமணி மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டாள். நெல்லுக்குப் பின்னால் உலகத்தில் பாதிப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் செண்பகத்தின் கட்டுரைகள் திருவிழாவில் கைவிட்ட பிள்ளை மாதிரி தொலைந்துபோயின. குதிரைவாலியை யாருமே தொட்டிருக்கவில்லை. மழை குறைந்து குறைந்து நாடு நாடாகக் காய்ந்தபோது எல்லாரும் திரும்பிப் பார்த்த இடத்தில் நவமணி ஒருத்தி நின்றிருந்தாள்.

என் வாயால் நானே கெடுத்துக்கொண்டேன் என்பதை செண்பகம் பல் துலக்கும்போது நினைப்பாள், கறிவேப்பிலை உருவும்போது நினைப்பாள், கூந்தலைச் சிக்கெடுக்கும்போது நினைப்பாள். மொட்டைமாடியில் நின்று தன் நிழலைப் பார்ப்பாள். அவளுக்கும் மேற்கோள்கள் வராமல் இல்லை, ஆனால் அது என்னவோ அவள் நிழலுக்கு அசைவே இல்லை. ஊரில் மற்றவர்கள் நிழல் மாதிரி அதுவும் நேரத்துக்கு நீண்டு நேரத்துக்குச் சுருங்கியது. நவமணியோடு நடக்க நேர்ந்தால் வெயில் பக்கமாகவே நடந்தாள். நெற்றிப்பொட்டு கரைந்து மூக்கில் வழிந்தாலும் நிழலுக்குள் ஒதுங்கவில்லை. யாரும் பார்க்காதபோது அந்த நிழலின் முகத்தில் செருப்பை வைத்து அழுத்தி நடந்தாள். தரை குளுகுளுவென்று இருந்தது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் மாடியில் வடகம் பிழிந்து காயவைத்தால், நவமணி தெருவில் போகும்போதெல்லாம் நிழல் மாடி ஏறி வடகத்தின் மேல் படுத்தது. அந்த வருஷ வடகம் முழுக்கப் பூசணம் பூத்தது. போதாததற்கு அவள் கணவர் உலகநாதன், ஓய்வு பெற்ற தபால்காரர், தினமும் நாற்காலியையும் பேப்பரையும் தூக்கிக்கொண்டு நவமணியின் தோள்நிழலுக்குப் போய்விடுவார்.

"வீட்டுல ஃபேன் இல்லையா?" என்று கேட்டாள் செண்பகம்.

"ஃபேன் காத்து வேற, இது வேறட்டி," என்றார் அவர். "ஓடைக்கரையில உக்காந்த மாதிரி இருக்கு. நீயும் ஒரு நாளைக்கு வந்துதான் பாரேன்."

அவள் கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டு நேரே லேப்புக்குப் போய் நவமணியின் கட்டுரையைப் படிக்க உட்கார்ந்தாள். வரி வரியாகப் படித்தாள். பேன் பார்ப்பது போலப் படித்தாள். ஒரு தப்பு கிடைத்தது. உண்மையான தப்புதான், மண்ணின் ஈரத்தை அளந்த இடத்தில் நவமணி ஒரு சோதனையைக் குறைத்துச் செய்திருந்தாள். செண்பகம் அதைக் கூராகச் சீவி, நஞ்சு தடவி, ஒரு கட்டுரை எழுதி நல்ல பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினாள். அது வெளிவந்த காலையில், இனி நிழல் சுருங்கும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நிழல் ஒரு சாண் வளர்ந்தது.

தப்பு என்று சொல்வதற்கும் பேரைப் போட்டுத்தானே சொல்ல வேண்டும்? அதோடு நிற்கவுமில்லை. செண்பகம் சொன்னது சரி என்று சிலர் எழுதினார்கள், இல்லை நவமணி சொன்னதுதான் சரி என்று பலர் எழுதினார்கள், எழுதிய எல்லாரும் நவமணியின் பேரைப் போட்டார்கள். அந்த ஒரு மாதத்தில் நிழல் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, பள்ளிக்கூட மைதானத்தைத் தொட்டு, கண்மாய்க்கரைவரை போய்விட்டது. பேச்சியம்மாள் ஒரு செம்பு பதநீரோடு செண்பகத்தின் வீட்டுக்கு வந்தாள்.

"உங்களாலதாம்மா," என்றாள். "நீங்க ஏசி எழுதுனீகளாமே, சுடலைமுத்து சொன்னாரு. எம் மகன் கடையும் இப்ப நிழலுக்குள்ள வந்துட்டு. நல்லா இருங்க."

செண்பகம் பதநீரை வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவள் அழுததை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் விடவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு குறை கண்டுபிடித்து எழுதினாள், அதற்கடுத்து இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் நிழல் வளர்ந்தது, ஒவ்வொரு தடவையும் ஊர்க்காரர்கள் முருங்கைக்காயோ, முறுக்கோ, ஒரு படி துவரம்பருப்போ கொண்டுவந்து கொடுத்து அவளுக்கு ஆயுசு நீளட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். நவமணியைப் பிடிக்காத ஒருத்தி ஊரில் இருப்பது ஊருக்கு எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று கோவில் கொடை விழாவில் ஒருவர் மைக்கில் சொன்னார்.

நவமணிக்குப் பதில் எழுத நேரமில்லை. ஆடிக்காற்றில் தொடக்கப்பள்ளியின் தகரக்கூரை பறந்துபோன வருஷத்திலிருந்து பிள்ளைகள் அவள் நிழலில்தான் படித்தார்கள். காலையில் மணி அடித்ததும் அவள் மைதானத்து ஓரத்தில் போய் நிற்க வேண்டும், வெயில் சாயும்போதுதான் வர வேண்டும். லேப்பில் அவள் மேஜைமேல் தூசி படிந்தது. அந்தத் தூசியை எதிர்மேஜையிலிருந்து செண்பகம் தினமும் பார்த்தாள். வேலையே செய்யாமல் பேர் வாங்குகிறாள் பார் என்று நினைத்தாள்.

ஒரு பங்குனியில், தலைமையாசிரியை ஜெபமாலை டீச்சர் குடையோடு செண்பகத்தின் லேப்புக்கு வந்தார்.

"ஒரு உதவிக்காக வந்தேன், மேடம். தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"இந்த வருஷம் பிள்ளைக கூடிட்டு. எல்லா வகுப்பும் நிழலுக்குள்ள வந்துருது, ஒண்ணாங்கிளாஸ் மட்டும் வெயில்ல கிடக்கு. நீங்க..." டீச்சர் குடையின் கைப்பிடியைத் திருகினார். "நீங்க அவகளை இன்னொரு தடவை திட்டி எழுதுனீகன்னா, அந்த ஒரு வரிசையும் உள்ள வந்துரும்."

செண்பகத்துக்கு வந்த சிரிப்பு ஆத்திரமாக மாறியது. "சரி," என்றாள். "ஆனா அவசரப்படக் கூடாது. இந்தத் தடவை நான் சும்மா எழுத மாட்டேன். அடியோட பிடுங்கிப் போடுற மாதிரி எழுதுதேன்."

"அது உங்க இஷ்டம்," என்றார் டீச்சர், நிம்மதியாக.

செண்பகம் நெல்லைத் தள்ளி வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குதிரைவாலியைக் கையில் எடுத்தாள். நவமணி செய்த சோதனையை முதலிலிருந்து, அவள் குறைத்த இடத்தில் குறைக்காமல், தானே தன் கையால் செய்து பார்ப்பது என்று முடிவு. விதை ஊறப்போட்டாள், முளைகட்டினாள், தட்டுகளில் நட்டாள், தண்ணீரை நிறுத்தினாள். இலை சுருள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சுருண்ட இலையை அரைத்து, அதற்குள் எந்த மரபணு எப்போது விழிக்கிறது என்று சோதித்தாள். அந்தப் பயிர் சாகிற மாதிரி நடித்துவிட்டு, உள்ளுக்குள் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு, வேரில் மட்டும் உயிரை வைத்துக் காத்திருப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எல்லாம் மறந்துபோனது. சாப்பிட மறந்தாள். உலகநாதன் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதைவிட அதிசயம், ஒரு நாள் முழுக்க நவமணியின் பேர் அவள் நினைப்பில் வரவில்லை. மறுநாள் அது தெரிந்தபோது எதையோ தொலைத்தவள் மாதிரி திடுக்கிட்டாள்.

முடிவு வந்தது. நவமணி சொன்ன மரபணு, நவமணி சொன்ன நேரத்தில், நவமணி சொன்ன மாதிரியே விழித்தது. செண்பகம் திரும்பச் செய்தாள். அதேதான். வேறு விதையில் செய்தாள். அதேதான். அத்தனை குறைகளும் ஓரத்தில் இருந்த குறைகள். நடுவில் இருந்தது முழுசாக, நெருடலில்லாமல் சரியாக இருந்தது.

மண்ணில் கொஞ்சம் ஈரத்தை விட்டு வைத்தால் முடிவு மாறும் என்று அவளுக்குத் தெரியும். யாருக்கும் தெரியப்போவதில்லை. தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்துக்கூட விட்டாள். பிறகு நினைத்தாள்: யாருக்கும் தெரியாது, ஆனால் நவமணி படிப்பாள். அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணுக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்பதைவிடத் தோற்றவளாக நிற்கலாம். குவளையைக் கீழே வைத்தாள். அன்றைக்கே உட்கார்ந்து, நவமணி சொன்னது சரி, நான் என் கையால் செய்து பார்த்தேன், சரி என்று எழுதினாள். அந்தச் 'சரி'யை எழுத அவளுக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது.

கட்டுரை வந்த காலையில் அவள் தன்னையறியாமல் மைதானத்துக்குப் போய் நின்றாள். உயிரைப் பிழிந்து எழுதியது இது. ஊரையே மூடுகிற மாதிரி வளர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நிழல் ஒரு சாண் வளர்ந்தது. ஏசியபோதும் ஒரு சாண், ஏற்றுக்கொண்டபோதும் ஒரு சாண். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முழங்காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டு, "வந்துட்டு, வந்துட்டு" என்று கத்தினார்கள். ஜெபமாலை டீச்சர் தூரத்திலிருந்து கும்பிட்டார். செண்பகம் திரும்பி நடந்தாள்.

அன்று மத்தியானம், வெயில் உச்சியில் இருந்த நேரம், லேப்பின் கதவு திறந்தது. நவமணி நின்றிருந்தாள். வெளியே பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த அறையில் நாலு பக்கமும் விளக்கு எரிந்ததால் அவளுக்கு அங்கே நிழலே இல்லை. சின்ன உருவமாக, கொஞ்சம் நரைத்து, முகம் வெயிலில் கறுத்து இருந்தாள். இத்தனை வருஷம் நிழலையே பார்த்துக்கொண்டிருந்ததில் நவமணிக்கு இவ்வளவு நரைத்துவிட்டது செண்பகத்துக்குத் தெரியாமல் போயிருந்தது.

"படிச்சேன்ட்டி," என்றாள் நவமணி.

"உலகத்துல எல்லாருந்தான் படிக்காக."

"எவன் படிக்கான்? அத்தனை பேரும் பேரைப் போடுதானே தவிர ஒருத்தனும் உள்ள போய்ப் பாக்கல. முத ஆளு போட்டான்னு அடுத்த ஆளு, அவன் போட்டான்னு இன்னொருத்தன். கடைசி வரி வரைக்கும் படிச்சவ நீ ஒருத்திதான். ஏசுனாலும் நீதான் படிச்சுட்டு ஏசுனே." நவமணி உள்ளே வந்து தட்டுகளைப் பார்த்தாள். "ஒவ்வொரு தடவை நீ எழுதும்போதும், பரவாயில்ல, இன்னும் ஒருத்தி பாத்துட்டு இருக்கான்னு இருக்கும் எனக்கு."

செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "உன் பிள்ளைகள்லாம் வெயில்ல கிடக்குமே," என்றாள்.

"கிடக்கட்டும், கொஞ்ச நேரம்." நவமணி ஒரு நாற்றின்மேல் குனிந்து மூச்சை இழுத்தாள். "குதிரைவாலி முளைவிட்ட மணத்தை மோந்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா? எனக்குக் கை சும்மாவே போயிட்டு, செம்பகம். ஒரு விதையை ஊறப்போடணும்னா அந்த நேரத்துல நாலு பேருக்கு வெயில் அடிக்குது. நீ இங்க இருந்து செஞ்சதை ஒவ்வொரு வரியாப் படிக்கும்போது..." நிறுத்திக்கொண்டாள்.

"படிக்கும்போது?"

"ஒண்ணுமில்ல."

வாசலில் ஜெபமாலை டீச்சரும், அவருக்குப் பின்னால் பேச்சியம்மாளும், தையல்காரரும், நாற்காலியைப் பாதி தூக்கியபடி உலகநாதனும் வந்து நின்றார்கள். செண்பகம் வெளியே போனாள். கதவைத் தன் முதுகால் மூடிக்கொண்டாள்.

"இன்னைக்கு வர மாட்டா," என்றாள்.

"நாளைக்கு?"

"நாளைக்கும் வர மாட்டா. அவளுக்கு வேலை இருக்கு."

டீச்சர் வானத்தைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார். "அப்ப ஒரு பந்தல் போட்டுக்கிடுதோம்," என்றார். அத்தனை வருஷமும் பந்தல் என்று ஒன்று இருப்பது யாருக்கும் நினைப்பு வரவில்லை என்பதில் ஒருவருக்கும் வெட்கமில்லை. மறுநாளே பனையோலை வந்து இறங்கியது. உலகநாதன் மட்டும், ஓடைக்கரை மாதிரி இல்லை இது, என்று சில நாள் முனகினார்.

நவமணி தினமும் லேப்புக்கு வந்தாள். அவள் தெருவில் போகும்போது நிழல் ஊரையே மூடிக்கொண்டு கூடப்போனது; மழைமேகம் போவதைப் பார்ப்பது போல ஜனங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அது இன்னும் வளர்கிறதா என்று அளக்க சுடலைமுத்துவுக்கும் அலுத்துவிட்டது. லேப்புக்குள் இரண்டு பெண்களும் ஆளுக்குப் பாதித் தட்டு பிரித்துக்கொண்டு ஒரே விதையை ஒரே நாளில் நட்டார்கள். பேச்சு அதிகமில்லை. கையை எடு, அது என் தட்டு என்பாள் செண்பகம். சரி சரி என்பாள் நவமணி.

பயிர் விரலளவு வளர்ந்திருந்த ஒரு காலையில் நவமணி தன் வரிசையைப் பார்த்தாள், எதிர்வரிசையைப் பார்த்தாள், மறுபடியும் தன் வரிசையைப் பார்த்தாள்.

"உன்னுது என்னுதைவிடப் பச்சையா இருக்கேட்டி," என்றாள். குரல் லேசாகக் கசந்திருந்தது. "என்ன செஞ்சே? எனக்குத் தெரியாம என்னத்தையும் போட்டியா?"

அந்தக் கசப்பு செண்பகத்துக்கு நன்றாகத் தெரியும். பல் துலக்கும்போதும் கறிவேப்பிலை உருவும்போதும் தன் நாக்கிலேயே வைத்திருந்தது அது. இன்னொருத்தி வாயிலிருந்து அது வந்து அவள் கேட்டதில்லை. கையிலிருந்த தண்ணீர்க் குவளையை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை நவமணியின் பக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னே?" என்றாள். "காது சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லு."